பிரித்துச் சேர்த்த ஏர் ரைஃபிளில் பூட்டு விழவில்லை: எங்கே பார்ப்பது?

ஜூன் 9 – பாலக்கோட்டு வாசகர் ஒருவரின் கேள்வி

அப்பா வைத்திருந்த .177 (4.5 மி.மீ.) ஏர் ரைஃபிளில் வேகம் குறைந்துபோனதால் பிரித்துப் பார்த்தேன். உள்ளே இருந்த ஸ்பிரிங் தளர்ந்து கோணலாகிவிட்டது. ஓசூரில் ஒரு பட்டறையில் அதே தடிப்புக் கம்பியில் புதிய ஸ்பிரிங் சுற்றி வாங்கினேன். பிஸ்டனின் தோல் வாஷரையும் மாற்றினேன். எல்லாவற்றையும் சேர்த்தபின் குழலை மடக்கினால் முக்கால் தூரம் வந்து நின்றுவிடுகிறது, பூட்டு விழவில்லை. இன்னும் அழுத்தினால் லிங்க் கம்பி வளைந்துவிடும்போல் இருக்கிறது. பிரிப்பதற்கு முன் ஒழுங்காகப் பூட்டியது. எங்கே பார்ப்பது?

ஜூன் 9, இரவு – பதில்

அழுத்துவதை உடனே நிறுத்துங்கள். முக்கால் தூரம் வரை வந்து சட்டென்று, இரும்போடு இரும்பு மோதியபடி நிற்கிறதா, அல்லது போகப் போகக் கனம் கூடிக்கொண்டே வந்து கைக்கு அடங்காமல் நிற்கிறதா என்பதை முதலில் சொல்லுங்கள். இரண்டும் வேறு வேறு கோளாறுகள். சட்டென்று நின்றால் உள்ளே இடம் இல்லை என்று பொருள். கனம் கூடி நின்றால் ஸ்பிரிங் தேவைக்கு மேல் கடினமாக இருக்கிறது அல்லது எங்கோ உராய்கிறது என்று பொருள்.

இந்த வகைத் துப்பாக்கியின் வேலை எளிமையானது. குழலை மடக்கும்போது லிங்க் கம்பி பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளுகிறது. பிஸ்டனுக்குள் இருக்கும் ஸ்பிரிங் நெருங்குகிறது. பிஸ்டனின் வால் விசைப் (ட்ரிகர்) பகுதிக்குள் நுழைந்ததும் அங்குள்ள கொக்கி அதன் வெட்டில் விழுகிறது. விசையை இழுத்தால் கொக்கி விலகி, பிஸ்டன் முன்னால் பாய்ந்து காற்றை நெருக்கி, சிறு துளை வழியாக பெல்லட் என்னும் ஈயக் குண்டின் பின்னால் செலுத்துகிறது. ஆகவே பூட்டு விழாததற்கு இரண்டே வழிகள்தாம் உண்டு: வால் கொக்கி இருக்கும் இடம்வரை வந்து சேரவில்லை, அல்லது வந்து சேர்ந்தும் கொக்கி விழவில்லை. இவற்றில் எது என்று தெரியாமல் எந்தப் பாகத்தையும் மாற்ற வேண்டாம்.

ஜூன் 10, காலை

சட்டென்று நிற்பதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் இன்றே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. ஸ்பிரிங்கை மட்டும் வெளியே எடுத்துவிட்டு, பிஸ்டன், லிங்க் கம்பி, விசைப் பகுதி, பின்மூடி எல்லாவற்றையும் வழக்கம்போல் மாட்டுங்கள். குழலை மெதுவாக மடக்குங்கள். ஸ்பிரிங் இல்லாததால் இரண்டு விரலே போதும். மடக்கின் கடைசியில் 'டிக்' என்று கொக்கி விழும் ஒலி கேட்க வேண்டும்.

கேட்டால் பிஸ்டனும் விசையும் லிங்க் கம்பியும் தத்தம் இடத்தில் இருக்கின்றன. குறை ஸ்பிரிங்கின் அளவில்தான். கேட்காவிட்டால் ஸ்பிரிங்கை மறந்துவிட்டு மூன்று இடங்களைப் பாருங்கள். பிஸ்டனில் நீளமாக ஒரு வெட்டு இருக்கும். அது நேர் கீழே பார்க்க வேண்டும், சற்றுத் திரும்பியிருந்தாலும் லிங்க் கம்பியின் நுனி அதன் ஓரத்தில் ஏறி நிற்கும். கொக்கியின் குட்டி ஸ்பிரிங் சரியான பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். குறுக்கு ஆணியான பின்னை அடிக்கும்போது அது தாவி வெளியே விழுந்து, பலர் வீட்டுத் தரையில் கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன். மூன்றாவது, விசைப் பகுதியின் குறுக்குப் பின்கள் இரண்டும் ஒரே நீளமா என்பது. பல மாடல்களில் ஒன்று சற்று நீளமாக இருக்கும். இடம் மாறினால் கொக்கி முழுதாகத் திரும்பாது.

பிரிக்கும்போதே கைபேசியில் படம் எடுத்திருந்தால் இந்தப் பாதி வேலை மிச்சம். எடுக்காவிட்டாலும் கவலை இல்லை. பாகங்களில் பழைய உராய்வுத் தழும்புகள் பளபளப்பாகத் தெரியும். எது எதன்மேல் எந்தப் பக்கமாக உராய்ந்ததோ, அந்தப் பக்கமாகத்தான் அது மறுபடியும் போக வேண்டும்.

ஜூன் 10, மாலை

காவேரிப்பட்டணத்தில் என் சித்தப்பா திருவிழாக்களில் பலூன் சுடும் கடை போடுபவர். மாரியம்மன் பண்டிகைகள், கிருஷ்ணகிரியின் மாங்கனிக் கண்காட்சி என்று கோடை முழுவதும் அந்தத் துப்பாக்கிகள் ஓய்வே இல்லாமல் சுடும். பண்டிகை ஓய்ந்ததும் அவற்றைப் பிரித்துச் சேர்க்கும் வேலை சிறுவயது முதல் எனக்கு. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: புதிய ஸ்பிரிங் மாட்டியபின் பூட்டு விழவில்லை என்று வந்த துப்பாக்கிகளில் பெரும்பாலானவற்றில் குற்றம் ஸ்பிரிங்கின் சுற்று எண்ணிக்கையில் இருந்தது.

பட்டறையில் நாம் கொடுக்கும் மாதிரி தளர்ந்து குறுகிய பழைய ஸ்பிரிங். சுற்றிக் கொடுப்பவர் வாடிக்கையாளருக்கு நல்லது செய்வதாக எண்ணி நாலு சுற்று கூட்டிப் போடுவார். கம்பித் தடிப்பும் வெளிவிட்டமும் சரியாக இருப்பதால் நமக்கும் சந்தேகம் வராது. ஆனால் ஒரு ஸ்பிரிங்கை எவ்வளவு அழுத்தினாலும் அது ஒரு அளவுக்குக் கீழே போகாது. சுற்றோடு சுற்று ஒட்டிக்கொண்ட அந்த நீளம், கம்பித் தடிப்பைச் சுற்று எண்ணிக்கையால் பெருக்கினால் கிடைக்கும். 3 மி.மீ. கம்பியில் 28 சுற்று என்றால் 84 மி.மீ.; அதே கம்பியில் 33 சுற்று என்றால் 99 மி.மீ. பூட்டு விழும் நிலையில் உள்ளே இருக்கும் இடம் 90 மி.மீ. என்றால் முதல் ஸ்பிரிங் பூட்டும், இரண்டாவது எந்தக் காலத்திலும் பூட்டாது. அதை மேலும் அழுத்தும் கை, ஸ்பிரிங்கை அழுத்தவில்லை. லிங்க் கம்பியையும் குழலின் கீல் போல்ட்டையும்தான் வளைக்கிறது.

தளர்வான நிலையில் உள்ள நீளத்தைப் பலரும் அளக்கிறார்கள். அடங்கிய நீளத்தை அளப்பவர் அரிது. உங்கள் இரண்டு ஸ்பிரிங்குகளின் சுற்றுகளையும் எண்ணி எழுதுங்கள், கம்பியை வெர்னியர் அளவுகோலில் அளந்து சொல்லுங்கள்.

ஜூன் 11

இடையில் இரண்டு யோசனைகள் வந்திருக்கின்றன. இரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

ஒருவர், கூடுதல் சுற்றுகளை ரம்பத்தால் அறுத்துவிடலாம் என்கிறார். அறுக்கலாம், ஆனால் அறுத்த முனை திறந்த முனையாக, கூர்மையாக நிற்கும். அப்படியே மாட்டினால் ஒவ்வொரு முறை அழுந்தும்போதும் அந்த நுனி பிஸ்டனின் உட்சுவரைச் சுரண்டும். ஸ்பிரிங் ஒரு பக்கமாகச் சாய்ந்து மறுபடியும் கோணலாகும். கடைசிச் சுற்றை மட்டும் சிவக்கச் சூடாக்கி, பக்கத்துச் சுற்றோடு படியவைத்து, பின்னர் தட்டையாகச் சாணை பிடிக்க வேண்டும். சூடு அடுத்த சுற்றுகளுக்குப் பரவக்கூடாது. பரவினால் அந்தப் பகுதி விறைப்பை இழந்துவிடும். இவ்வளவு செய்வதைவிட, சரியான எண்ணிக்கை சொல்லிப் புதிதாகச் சுற்றுவது நல்லது.

இன்னொருவர், எங்கோ உராய்கிறது, காற்றுத் துளை வழியே எண்ணெய் விட்டால் வழுக்கிப் போய்விடும் என்கிறார். இந்த யோசனையை யாரும் செய்து பார்க்க வேண்டாம். காரணத்தைப் பிறகு தனியாக எழுதுகிறேன், ஏனெனில் அது பெரிய விஷயம்.

ஜூன் 12

பிரித்து மாட்டுவதில் உள்ள ஆபத்தைப் பற்றி முன்பே எழுதியிருக்க வேண்டிய வரிசை இது. பூட்டாத நிலையிலும் உள்ளே ஸ்பிரிங் சும்மா இருப்பதில்லை. சில அங்குலம் அழுந்திய நிலையிலேயே பின்மூடியின் பின்னால் அடைபட்டிருக்கிறது. கடைசிப் பின்னைத் தட்டி எடுக்கும் கணத்தில் அந்த விசை முழுவதும் பின்மூடியின்மேல் வரும். முகத்தை நேர் பின்னால் வைத்துக்கொண்டு பின்னைத் தட்டியவரின் கன்னத்துத் தழும்பை எங்கள் ஊரில் காட்டுவார்கள்.

தச்சர்கள் பலகை ஒட்டும்போது பயன்படுத்தும் நீளக் கிளாம்ப் ஒன்று போதும். குழாயின் ஒரு முனையில் மரத்துண்டு, பின்மூடியின்மேல் இன்னொரு மரத்துண்டு வைத்து இறுக்கி, பின்னின்மேல் அழுத்தம் இல்லாதபடி செய்து, பின்னை விரலால் தள்ளி எடுக்கும் நிலைக்குக் கொண்டுவந்து, அதன்பிறகு கிளாம்ப்பைச் சுற்றுச் சுற்றாகத் தளர்த்துங்கள். சேர்க்கும்போது இதே வரிசை தலைகீழ். சுத்தியல் கொண்டு அடித்தால்தான் பின் நுழைகிறது என்றால் துளைகள் நேருக்கு நேர் வரவில்லை. நிறுத்திவிட்டு கிளாம்ப்பைச் சரிசெய்யுங்கள். பின்மூடி மரையோடு இருக்கும் மாடல்களில் முதல் இரண்டு மரைகள் கோணலாக ஏறாமல் கவனிக்க வேண்டும்.

ஸ்பிரிங்குக்குப் பதில் வாயு நிரப்பிய உருளை உள்ள புது மாடல்களில் அந்த உருளையை எவரும் வீட்டில் திறக்கக் கூடாது. அது முழுதாக மாற்றப்பட வேண்டிய பாகம்.

ஜூன் 13

பென்னாகரத்திலிருந்து ஒருவர், தம் .32 ரிவால்வரிலும் இதேபோல் ஒரு தொல்லை, பிரித்துப் பார்க்கலாமா என்று கேட்கிறார். வேண்டாம். 4.5 மி.மீ. குழல் உள்ள, சுடும் ஆற்றல் 20 ஜூலுக்கு உட்பட்ட ஏர் ரைஃபிளுக்கு 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி உரிமம் தேவையில்லை. ஆகவே அதை வீட்டு மேசையில் பிரிக்கலாம். ரிவால்வர் நெருப்பாயுதம். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, பழுதுபார்ப்பதற்கும் தனி உரிமம் கேட்கிறது. வைத்திருக்கும் உரிமம் பழுதுபார்க்கும் உரிமம் ஆகாது. உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.

ஆனால் நீங்கள் சொல்லும் அறிகுறி, அதாவது சுழலும் உருளை மூடும்போது இறுகுவதும் திரும்ப மறுப்பதும், பல சமயம் பழுதே அல்ல. தோட்டாக் கூடுகளை வெளியே தள்ளும் நட்சத்திர வடிவத் தகட்டின் அடியில் எரியாத வெடிமருந்துத் துகள்கள் தங்கினால் தகடு மயிரிழை உயர்ந்து நிற்கும். அந்த உயரமே உருளையை இறுக்கப் போதுமானது. தோட்டாக்களை முற்றிலும் அகற்றி, ஒவ்வொரு அறையையும் கண்ணால் பார்த்து உறுதிசெய்தபின், தகட்டைத் தள்ளிப் பிடித்து அடியில் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் உலர்வாகத் துடையுங்கள். அங்கே எண்ணெய் விடக் கூடாது, துகள்கள் அதில் ஒட்டிக்கொள்ளும். மாதக்கணக்கில் தோல் உறையிலேயே வைத்திருந்தால் தோலின் ஈரம் துருவாக இறங்கியிருக்கவும் கூடும். இந்தச் சுத்தத்துக்குப் பின்னும் இறுகினால் பக்கத் தகட்டைத் திறக்க வேண்டும், அது உங்கள் வேலை அன்று.

ஜூன் 15

பாலக்கோட்டு நண்பர் அளவுகளை அனுப்பிவிட்டார். ஸ்பிரிங் இல்லாமல் மாட்டிப் பார்த்தபோது கொக்கி விழுந்தது. கம்பி 3 மி.மீ.; பழையதில் 28 சுற்று, புதியதில் 33. பூட்டிய நிலையில் பிஸ்டனின் உள் அடியிலிருந்து ஸ்பிரிங் வழிகாட்டித் தண்டின் தட்டு வரை 91 மி.மீ. என்கிறார். 99 மி.மீ.க்குக் கீழே அடங்காத ஒன்றை 91-க்குள் நுழைக்க முயன்றிருக்கிறார். கணக்கு முடிந்தது.

பட்டறையில் திரும்பச் சுற்றும்போது மூன்று செய்திகளைத் தாளில் எழுதிக் கொடுங்கள். சுற்று 28, அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். இரண்டு முனைகளும் படிந்து, தட்டையாகச் சாணை பிடிக்கப்பட்டிருக்க வேண்டும். சமதளத்தில் நிறுத்தினால் சாயாமல் நிற்க வேண்டும். சுற்றியபின் மிதமான சூட்டில், சுமார் 200 முதல் 250 டிகிரி செல்சியஸில் சிறிது நேரம் வைத்து எடுக்க வேண்டும். சுற்றும்போது கம்பிக்குள் தங்கும் இறுக்கம் அப்போதுதான் தளரும். இதைச் செய்யாத ஸ்பிரிங் ஒரே மாதத்தில் குறுகிவிடும். ஓசூரில் வண்டித் தொழிற்சாலைகளுக்கு ஸ்பிரிங் செய்து கொடுக்கும் சிறு பட்டறைகளுக்கு இது தெரிந்த வேலை; சாதாரண லேத் பட்டறையில் கேட்டுத்தான் பெற வேண்டும்.

வாங்கி வந்ததும் வைஸில் வைத்துச் சுற்றோடு சுற்று ஒட்டும்வரை பலமுறை அழுத்தி விடுங்கள். முதல் அழுத்தங்களில் நீளம் சற்றுக் குறையும், பிறகு நின்றுவிடும். குறைந்துகொண்டே போனால் கம்பி சரியில்லை.

ஜூன் 16

கேட்காத ஒன்றைச் சொல்கிறேன், ஏனெனில் அடுத்து நீங்கள் முட்டப்போவது அங்கேதான். தோல் வாஷரை மாற்றியதாக எழுதியிருந்தீர்கள். பிஸ்டன் சிலிண்டருக்குள் நுழையும்போது வாஷரின் உதடு பின்பக்கத்து விசைத் துளைகளையும் லிங்க் கம்பியின் நீள வெட்டையும் கடந்து போக வேண்டும். அந்த வெட்டுகளின் ஓரங்கள் ஆலையில் வெட்டியபடியே கத்திபோல் இருக்கும். வாஷர் கடக்கும்போது மெல்லிய ஒரு சீவல் நறுக்கப்பட்டுவிடும். நமக்கு வெளியே ஒன்றும் தெரியாது, வேகம் மட்டும் பாதியாகும்.

பிஸ்டனை வெளியே எடுத்து வாஷரை வெயிலில் பிடித்துப் பாருங்கள். நல்ல வாஷரின் உதடு சுற்றிலும் ஒரே உயரமாக, ஒரே நிறமாக இருக்கும். காயம் பட்டதில் வெட்டின் அகலத்துக்குச் சரியாக ஒரு இடத்தில் தோல் வெளிறி, நகம் அளவு ஒரு பிசிறு தூக்கி நிற்கும். இருந்தால் வாஷரை மாற்றுங்கள். சிலிண்டர் வெட்டுகளின் உள் ஓரங்களைப் பொடி அரத்தால் தடவி, நுண்ணிய உப்புத்தாளால் மழுக்கி, உலோகத் தூளை மண்ணெண்ணெய்த் துணியால் முற்றிலும் துடைத்து, பிறகு பிஸ்டனை நுழையுங்கள். வெட்டின் எதிரே வரும்போது ஒரு பழைய பிளாஸ்டிக் அட்டையை உள்ளே நீட்டி வாஷரின் உதட்டைத் தாங்கிக் கொண்டால் அது ஓரத்தில் படாமல் கடக்கும்.

தோல் வாஷர் உலர்ந்து போகக் கூடாது. முந்தின இரவே சிறிது எண்ணெயில் ஊறவைத்து, காலையில் பிழிந்து துடைத்து, விரலில் ஒட்டாத நிலையில் மாட்ட வேண்டும். எண்ணெய் தோலுக்குள் இருக்கலாம், சிலிண்டருக்குள் சொட்டக் கூடாது.

ஜூன் 18

காற்றுத் துளையில் எண்ணெய் விடுவதைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். பிஸ்டன் பாயும்போது காற்று கண நேரத்தில் நெருக்கப்படுவதால் கடும் சூடாகிறது. டீசல் எஞ்சினில் தீப்பொறி இல்லாமலே எரிபொருள் பற்றிக்கொள்வது இந்தச் சூட்டினால்தான். துப்பாக்கிக்குள் எண்ணெய்ச் சொட்டு இருந்தால் அதுவும் பற்றிக்கொள்ளும். ஒரு கண்காட்சியில் யாரோ மிஷின் எண்ணெயைத் தாராளமாக விட்டுவிட, பலூன் கடையில் பட்டாசு வெடித்ததுபோல் சத்தமும் குழல் வாயில் புகையும் வந்தன. நின்ற சிறுவர்கள் கைதட்டி இன்னொரு முறை சுடச் சொன்னார்கள். அன்று இரவு பிரித்தபோது வாஷரின் உதடு சுற்றிலும் கருகி, விரலால் தொட்டதும் உதிர்ந்தது. ஸ்பிரிங்கின் முதல் சுற்று பிளந்திருந்தது. வெடிப்பின் அழுத்தம் பிஸ்டனைப் பின்னோக்கி உதைப்பதால் நேர்வது இது.

தேங்காய் எண்ணெய் தீங்கில்லாதது என்பது சிலரின் நம்பிக்கை. அதுவும் எரியும், எரியாமல் போனால் பிசினாகும். இரும்போடு இரும்பு உராயும் இடத்துக்கு, அதாவது ஸ்பிரிங்கின் வெளிப்புறத்துக்கும் பிஸ்டன் வாலுக்கும், மாலிப்டினம் கலந்த கிரீஸ் மெல்லிய பூச்சாகப் போதும். வாஷரின் முன் பக்கத்தில் ஒன்றும் வேண்டாம்.

பெல்லட் இல்லாமல் சுடுவதும் இதே அளவு கெடுதல். பெல்லட் தடுத்து நிற்பதால்தான் பிஸ்டனின் முன்னே காற்று மெத்தையாக நின்று அதன் ஓட்டத்தை நிறுத்துகிறது. தடுப்பு இல்லாவிட்டால் பிஸ்டன் சிலிண்டரின் முன் சுவரில் நேராக மோதும். பழுது பார்த்தவுடன் வெறுமனே ஒரு முறை சுட்டுப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

ஜூன் 21

புதிய ஸ்பிரிங்குடன் பூட்டு விழுந்துவிட்டதாகச் செய்தி. மகிழ்ச்சி. ஆனால் பெல்லட் போட்டு மேசைமேல் வைக்கும் முன் இதைச் செய்யுங்கள்; இந்த இழையில் எழுதியவற்றில் இதுவே முக்கியமானது.

பிரித்துச் சேர்த்த துப்பாக்கியின் கொக்கியை நம்பக் கூடாது. குழல் மடங்கிப் பூட்டிய நிலையில் கொக்கி நழுவினால் பிஸ்டன் முன்னால் பாயும், குழல் பெரும் விசையோடு மேலே மடங்கி மூடும். பெல்லட் வைக்கும் விரல் இடையில் இருந்தால் நசுங்கும், குழலும் வளையும். ஆகவே பெல்லட் வைக்கும்போது எப்போதும் மறுகையால் குழலை இறுகப் பிடித்திருக்க வேண்டும். இது பழகிய கைக்கும் புதிய கைக்கும் ஒரே விதி.

சோதனை இப்படி: குழலைப் பூட்டி, பெல்லட் வைத்து மூடி, மண் மேட்டை நோக்கிப் பிடித்து, தோளில் பதியும் மரக் கட்டையின் பின்புறத்தை ரப்பர் விரிப்பின்மேல் தட்டுங்கள், விசையைத் தொடாமல். பிறகு பக்கவாட்டில் உள்ளங்கையால் தட்டுங்கள். சுடாமல் நின்றால் கொக்கி முழுதாகப் பிடித்திருக்கிறது. தானாகச் சுட்டால் மறுபடி பிரித்துக் கொக்கியின் முனையையும் பிஸ்டன் வாலின் வெட்டையும் பாருங்கள். முனை உருண்டிருந்தால் அரத்தால் தீட்டிச் சரிசெய்ய முயலாமல் பாகத்தையே மாற்றுங்கள், ஏனெனில் கடினமாக்கிய மேல்தோலுக்குக் கீழே உள்ள இரும்பு மென்மையானது, தீட்டிய முனை சீக்கிரம் மறுபடி உருளும். விசை இலகுவாக இருக்க வேண்டும் என்று சரிசெய்யும் திருகைத் தளர்த்தியிருந்தால் முதலில் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள்.

ஜூன் 22

தட்டல் சோதனையில் நின்றது, ஆனால் வேகம் எதிர்பார்த்த அளவு இல்லை என்கிறார் பாலக்கோட்டு நண்பர். வாஷரில் காயம் இல்லை என்பதும் உறுதியாகிவிட்டது. அப்படியானால் குழலின் பின்வாயில் உள்ள ரப்பர் வளையம். ஒரு சிறு துண்டு மெல்லிய காகிதக் கைக்குட்டையைப் பின்வாய்ச் சந்தின்மேல் படும்படி வைத்துக்கொண்டு சுடுங்கள். காகிதம் துள்ளினால் காற்று அங்கே கசிகிறது. வளையம் குழல் முகத்தைவிட ஒரு தாள் அளவாவது உயர்ந்து நிற்க வேண்டும். சமமாக அமிழ்ந்திருந்தால் புதியது போடுங்கள், அல்லது அடியில் மெல்லிய பிளாஸ்டிக் வளையம் ஒன்றை வெட்டி வைத்து உயர்த்துங்கள். மிக உயர்ந்தால் குழல் மூட மறுக்கும்.

இன்னும் கடினமான ஸ்பிரிங் போட்டால் என்ன என்று ஊத்தங்கரை நண்பர் கேட்கிறார். அரை கிராம் பெல்லட் நொடிக்கு 200 மீட்டர் வேகத்தில் போனால் அதன் ஆற்றல் 10 ஜூல். பத்து மீட்டர் தூரத்தில் காகிதத்தில் துளை போட அதில் ஒரு பகுதியே போதும். சிலிண்டரில் இருக்கும் காற்றின் அளவு மாறாதபோது கடின ஸ்பிரிங் சிறிது வேகத்தையும் நிறைய அதிர்ச்சியையும்தான் கூட்டும். மாந்தோப்பில் கிளியையும் மயிலையும் விரட்ட என்று அவர் காரணம் சொல்கிறார். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அவற்றைச் சுடுவதைத் தடுக்கிறது. சட்டம் ஒரு புறம் இருக்க, அதற்காகத் துப்பாக்கி பழுதுபார்ப்பதற்கு நான் உதவ விரும்பவில்லை. தோப்புக்கு வலையும் பழங்களுக்குக் காகித உறையும் போதும். எங்கள் பெங்களூரா மாமரங்களில் அப்படித்தான் செய்கிறோம்.

ஜூன் 24

வளையம் மாற்றியபின் காகிதம் அசையவில்லை, வேகம் வந்துவிட்டது. ஆனால் பெல்லட் ஒரே இடத்தில் விழாமல் சிதறுகிறது என்று இன்று எழுதியிருக்கிறார். பிரித்துச் சேர்த்த துப்பாக்கியில் இது எதிர்பார்த்ததே. வரிசையாகப் பாருங்கள்.

குழலைப் பூட்டாமல் பாதி மடக்கி, இடவலமாக ஆட்டிப் பாருங்கள். ஆடினால் கீலின் இரு பக்கமும் இருக்க வேண்டிய மெல்லிய வட்ட வாஷர்களில் ஒன்று விடுபட்டிருக்கும். பிரிக்கும்போது கிரீஸோடு ஒட்டிக்கொண்டு வெளியே வந்து, துணியோடு போய்விடுவது இந்த வாஷர்தான். துடைத்த துணியை உதறித் தேடுங்கள். இருந்தும் ஆடினால் கீல் போல்ட்டை இறுக்குங்கள்: குழல் தன் கனத்தில் விழாமல், விட்ட இடத்தில் நிற்கும் அளவுக்கு இறுக்கினால் போதும்.

அடுத்து கட்டையின் திருகுகள். முன்பக்கத்தில் இரண்டும் விசைக் காப்புக்கு அருகே உள்ளதும் சுடும் அதிர்ச்சியில் தளரும். எல்லாவற்றையும் மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள், ஒன்றை முழுதாக இறுக்கியபின் மற்றதற்குப் போக வேண்டாம். துளையின் மரம் அமிழ்ந்திருந்தால் அகலமான வாஷர் ஒன்று வையுங்கள்.

இவை இரண்டும் சரியானால், பிடியைப் பாருங்கள். ஸ்பிரிங் துப்பாக்கியில் பெல்லட் குழலை விட்டு வெளியேறும் முன்பே பிஸ்டனின் உதைப்பு துப்பாக்கியை அசைத்துவிடுகிறது. முன்னால் தாங்கும் கையால் இறுக்கிப் பிடித்தால் ஒவ்வொரு முறையும் வேறு விதமாக அசையும். திறந்த உள்ளங்கையில் சும்மா தாங்கினால் ஒவ்வொரு முறையும் ஒரே விதமாக அசையும். மணல் மூட்டையின்மேல் நேரடியாக வைத்துச் சுட்டாலும் சிதறும், கையை மூட்டைமேல் வைத்து, துப்பாக்கியைக் கையில் வையுங்கள். புதிய ஸ்பிரிங் படிய நேரம் எடுக்கும், அதுவரை பார்வைக் குறியைத் திருக வேண்டாம். ஒரு டப்பா பெல்லட் போனபின் திருகுகளை மறுபடி இறுக்கிவிட்டு, பத்து மீட்டரில் ஐந்து பெல்லட் விழுந்த தாளைப் படம் எடுத்து இங்கே போடுங்கள்.